பேட்டரி செத்துப்போச்சு என்றால் யார் நம்புவார்கள்?

1

ராயபுரத்திலிருந்து வரும் கடிதங்களில் எல்லாம் ஒரே கேள்விதான்: "அங்க பனி எப்படி இருக்கும்?" பனி வெள்ளையாக இருக்கும், மிதித்தால் வழுக்கும். அதற்கு மேல் அதைப் பற்றி அழகாக எழுத எனக்கு வராது. தேவாலயப் பங்கு மலருக்கு ஏதாவது எழுதி அனுப்பச் சொன்னவர்கள் பனிமனிதனையும் கிறிஸ்துமஸ் மரத்தையும் எதிர்பார்த்திருப்பார்கள். மன்னிக்க வேண்டும். நான் கார் பேட்டரியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஏனென்றால் இன்று எங்கள் நைனா இறந்த நாள்.

ஏழு வருடம் ஆகிறது. கனடாவின் நடுவில் இருக்கும் வின்னிபெக் என்ற இந்த ஊருக்கு நானும் மனைவி ஜெசியும் மகள் ஷெரினும் வந்து ஒன்பது வருடம். ஒன்பது வருடத்தில் நான் என்ன கற்றுக்கொண்டேன் என்று யாராவது கேட்டால், ஜம்ப் ஸ்டார்ட்டரைச் சார்ஜ் போடக் கற்றுக்கொண்டேன் என்று சொல்வேன். சிரிக்காதீர்கள், விஷயம் இருக்கிறது.

ஜம்ப் ஸ்டார்ட்டர் என்பது ஒரு பெட்டி. கையடக்கம் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். தூக்கிப் பார்த்தால் அஞ்சு கிலோ அரிசிப் பைக்குக் குறையாது. மேலே கைப்பிடி, பக்கத்தில் சிவப்பும் கறுப்புமாக இரண்டு கிளிப், உள்ளே ஒரு சின்ன பேட்டரி. கார் பேட்டரி செத்துக் கிடந்தால் இந்த கிளிப்புகளை அதில் மாட்டிச் சாவியைத் திருப்பினால் போதும், வண்டி கிளம்பிவிடும். இன்னொரு வண்டி வேண்டாம். உதவிக்கு இன்னொரு ஆள் வேண்டாம். ஆள் வேண்டாம் என்பதைத்தான் விளம்பரத்திலும் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள்.

எங்கள் குடும்பத்தில் மொத்தம் மூன்று இருக்கின்றன. எனக்கொன்று, ஜெசிக்கொன்று, ஷெரினுக்கொன்று. என்னுடையது சமையலறையில் ரைஸ் குக்கருக்குப் பக்கத்தில் இருக்கும். மாதத்தின் முதல் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அதற்குச் சார்ஜ் போடுவேன். தினமும் காலையில் பட்டனை அழுத்தி மூன்று பச்சை விளக்கும் எரிகிறதா என்று பார்ப்பேன். ஜெசி திருவொற்றியூர்க்காரி, வாய் சும்மா இருக்காது. "அத்தயும் மாதா படத்தாண்ட வெச்சி மெழுகுவத்தி கொளுத்திடேன்" என்பாள். 

2

நைனா காசிமேட்டில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். ஆள் உயரத்துக்கு வரும் ஐஸ் கட்டிகளைக் கொக்கி போட்டு இழுத்து, உடைக்கும் மெஷினில் தள்ளும் வேலை. சித்திரை வெயிலிலும் அவர் கை சில்லென்று இருக்கும். ஜுரம் வந்தால் எங்கள் நெற்றியில் வைக்க எங்கள் வீட்டில் ஈரத்துணி தேவைப்பட்டதில்லை.

அவருக்கு உலகத்தில் இரண்டே வகைப் பொருள்தான், ஐஸில் வைத்தது, ஐஸில் வைக்காதது. மீன் என்றில்லை. அம்மாவின் மருந்து பாட்டில், மல்லிகைப்பூ, டார்ச் லைட்டுக்குப் போடும் பேட்டரி கட்டை என்று எதைப் பார்த்தாலும், "ஐஸ்ல வெச்சா கெடாதுடா" என்பார். டார்ச் கட்டையை ஒருமுறை மெய்யாகவே ஐஸ் பெட்டிக்குள் வைத்திருந்தார். அது அப்புறம் எரிந்ததா இல்லையா என்று எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் அந்த வாக்கு மனதில் அப்படியே தங்கிவிட்டது. நான் பின்னால் துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் ஒரு கிளியரிங் ஆபீசில் குமாஸ்தாவாகி, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு அலைந்தபோதும் அது போகவில்லை.

அண்ணன் அந்தோணி என்னைவிட எட்டு வயது மூத்தவர். அவர் மீன் வேன் ஓட்டினார். அந்த வேனின் பேட்டரி என்றைக்கும் ஒழுங்காக இருந்து நான் பார்த்ததில்லை. வாரத்தில் நாலு நாள் தள்ளித்தான் கிளப்ப வேண்டும். அதனால் வேனைப் பாலத்தின் இறக்கத்தில் மூக்கு கீழே பார்க்கிற மாதிரி நிறுத்திவைப்பார். இறக்கத்தில் இடம் கிடைக்காத நாளில் தெருமுனையில் நின்று ஒரு குரல் கொடுப்பார். "ஏய், கை குடுங்கப்பா!" அவ்வளவுதான். டீ குடித்துக்கொண்டிருப்பவன் கிளாஸை வைத்துவிட்டு வருவான், வலை பின்னிக்கொண்டிருப்பவன் எழுந்து வருவான், எங்கோ வேலைக்குப் போகிறவன் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வருவான். யாரும் யாரையும் அறிந்திருக்க வேண்டியதில்லை. வண்டி நின்றால் தள்ள வேண்டும், அது எங்கள் பக்கத்து வழக்கம். அண்ணன் செகண்ட் கியரில் வைத்து கிளட்ச்சை விட்டால் வேன் ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பும்.

கிளம்பினால் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் மறுபடி அணைந்துவிடும். அதனால் தள்ளியவர்களுக்கு யாரும் நின்று நன்றி சொல்ல மாட்டார்கள். ஓட்டுகிறவர் ஜன்னல் வழியாக ஒரு கையை மட்டும் வெளியே நீட்டி ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். பேட்டரி செத்தால் என்ன செய்வது என்று நாங்கள் யோசித்ததே கிடையாது. அதற்கென்று தயாராவதற்கு அதில் என்ன இருக்கிறது?

3

இங்கே வந்த முதல் குளிரிலேயே எல்லோரும் புத்தி சொன்னார்கள். மைனஸ் முப்பதுக்குக் கீழே போனால் கார் கிளம்பாது, இஞ்சினுக்குச் சூடு கொடுக்கும் வயரை ராத்திரி முழுக்கப் பிளக்கில் மாட்டிவைக்க வேண்டும் என்று. அதனால்தான் இந்த ஊரில் ஒவ்வொரு காரின் முகத்திலிருந்தும் ஒரு பிளக் தொங்கும். முதலில் பார்த்தபோது ஊர் முழுக்க மின்சாரக் கார்தான் ஓடுகிறது என்று நினைத்து அண்ணனுக்குக் கடிதம் வேறு எழுதினேன்.

நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் என் கார் நிற்கும் இடத்துப் பிளக்கில் கரண்ட் வரவில்லை. நிர்வாக ஆபீசில் போய்ச் சொன்னேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். அது வேறு படிவம் என்றார்கள். அந்தப் படிவத்தில் பழுதின் தன்மை என்று ஒரு கட்டம் இருந்தது, அதில் 'கரண்ட் இல்லை' என்று எழுதினேன். மூன்று வாரம் கழித்து, தங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது, பரிசீலனையில் உள்ளது என்று அச்சடித்த கடிதம் வந்தது. துறைமுகத்தில் எத்தனை பேருக்கு நானே அப்படிக் கடிதம் அடித்துக் கொடுத்திருக்கிறேன்! பேசாமல் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் வேலையிடத்தில் ஒருவர் ஜம்ப் ஸ்டார்ட்டர் வாங்கிக்கொள்ளச் சொன்னார். கடைக்குப் போனேன். விற்கிறவரிடம், இது எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்று என் இங்கிலீஷில் கேட்டேன். மீன் வாங்குகிறவன் கேட்கிற கேள்வி அது. அவர் ஒரு நிமிடம் திகைத்துப்போய், பெட்டியைத் திருப்பிக் காட்டிக் கடகடவென்று நாலைந்து வாக்கியம் சொன்னார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. புரியாத இங்கிலீஷுக்கெல்லாம் தலையாட்டுவது என் வழக்கம், அன்றும் ஆட்டினேன். உள்ளே ஒரு புத்தகமும் வைத்திருந்தார்கள். அதை நான் பிரிக்கவில்லை.

அடுத்த வருடம் நவம்பரில் ஒருநாள் கார் முக்கியது. பெட்டியை மாட்டிப் பார்த்தேன், உடனே கிளம்பிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குள் ஓடி வந்து, "ஜெசி, வண்டி தள்ற நாப்பது பேர ஒரு பெட்டில போட்டு வெச்சிருக்கான்டி!" என்று கத்தினேன். பிறகு அதைத் துடைத்து, காரின் டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் வைத்து மூடினேன். மறுபடி சார்ஜ் போடவில்லை. இன்னும் பாதி இருக்கிறது என்று விளக்கு காட்டியது. வெளியே மைனஸ் இருபது, டிக்கிக்குள்ளும் அதே குளிர். ஐஸில் வைத்தது கெடாது. ஐஸ் கம்பெனிக்காரர் மகன், வேறு எப்படி யோசிப்பேன்?

4

இரண்டு மாதம் கழித்து, ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு அண்ணன் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினார். ராயபுரத்தில் அப்போது இரவு எட்டு மணி.

"நைனாக்கு மூச்சு வாங்குதுடா. ஆஸ்பத்திரில சேத்துகீறோம். உன் பேரத்தான் சொல்லிக்கினே கீறாரு. நீ உட்னே கெளம்பி வா."

"வரேண்ணா. இன்னைக்கே கெளம்பறேன்."

மத்தியானம் ஒரு மணி விமானத்தில் இடம் கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் இருந்த ஷெரினுக்குத் தகவல் சொல்லிவிட்டு, ஜெசி கைக்குக் கிடைத்ததையெல்லாம் பெட்டியில் அடைத்தாள். பத்தரைக்குக் காரில் ஏறிச் சாவியைத் திருப்பினேன். 'டக்' என்று ஒரு சத்தம். மறுபடி திருப்பினேன். அந்தச் சத்தமும் இல்லை. அன்றைக்குக் குளிர் மைனஸ் முப்பத்தெட்டு.

நான் பதறவில்லை. என்னிடம்தான் பெட்டி இருக்கிறதே! டிக்கியைத் திறந்து அதை எடுத்தேன். பக்கவாட்டில் உப்பி, ஒரு மூலையில் விரிசல் விட்டிருந்தது. பட்டனை அழுத்தினால் ஒரு விளக்கும் எரியவில்லை. அப்படியும் கிளிப்பை மாட்டிச் சாவியைத் திருப்பிப் பார்த்தேன். இறந்தவருக்கு இறந்தவர் துணைக்குப் போன மாதிரிதான்.

வண்டி பழுதானால் வந்து உதவுகிறவர்களுக்குப் போன் செய்தேன். பாட்டுப் போட்டார்கள். பாட்டு முடிந்து ஒரு பெண் வந்து, ஊரில் பாதிக் கார் இன்று கிளம்பவில்லை, நாலு மணி நேரம் ஆகும் என்றாள். டாக்ஸிக்குப் போன் செய்தேன். இரண்டு மணி நேரமும் ஆகலாம், மூன்றும் ஆகலாம், உறுதி சொல்ல முடியாது என்றார்கள். பக்கத்து வீடுகளைத் தட்டினேன். வேலை நாள், ஒருவரும் இல்லை. தெருவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு மனிதர் இல்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இந்த ஊர் கார்களில் கியர் தானாக மாறும், கிளட்ச் கிடையாது, தள்ளினால் கிளம்பாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஜெசியைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாக அந்தக் காரைத் தள்ளினோம். பத்து நிமிடம் தள்ளினோம். அவள் தள்ளிக்கொண்டே அழுதாள். நான் யாருமில்லாத தெருவைப் பார்த்து, "ஏய், கை குடுங்கப்பா" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு மணிக்கு மேல்தான், எதிர்வீட்டு உக்ரேனியக் கிழவர் பெட்ரோ மருத்துவரிடம் போயிருந்தவர் திரும்பி வந்தார். என்ன, ஏது என்று கேட்காமல் தன் காரைக் கொண்டுவந்து என் காருக்கு முகத்தோடு முகம் நிறுத்தி, வயர் மாட்டினார். வண்டி கிளம்பியது. நான் விமான நிலையம் போய்ச் சேர்ந்தபோது ஒன்று பத்து. கவுண்டரில் இருந்த பெண் மிகவும் மரியாதையாக வருத்தம் தெரிவித்தாள். அடுத்த இடம் வியாழக்கிழமைதான் என்றாள்.

உடைந்த பெட்டியைப் பிறகு பெட்ரோவிடம் காட்டினேன். நிறையச் சார்ஜ் இருந்தால் எந்தக் குளிரையும் தாங்கும், பாதி தீர்ந்ததை வெளியே வைத்தால் உள்ளே இருக்கும் நீர் உறைந்து வெடித்துவிடும், அதனால் வீட்டுக்குள் வைத்து மாதாமாதம் சார்ஜ் போட வேண்டும் என்றார். நான் பிரிக்காத புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே அது இருந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

5

அண்ணனுக்கு அன்று மாலையே பேசினேன். பக்கத்து வீட்டுப் போனுக்கு வந்தார்.

"அண்ணா, பிளேன் போய்டுச்சு. காரு கெளம்பல. பேட்டரி செத்துப்போச்சு."



"இன்னாது, பேட்டரியா?"

"ஆமாண்ணா. இங்க குளிரு..."

"இங்க நைனா உசுரு போய்கினு கீது, நீ பேட்டரினு கத வுடற. தள்றதானடா?"

"இந்த வண்டிய தள்னா ஸ்டார்ட் ஆவாதுண்ணா."

"தள்னா ஸ்டார்ட் ஆவாத வண்டி இன்னா வண்டி? முப்பது வருசமா வண்டி ஓட்றவன்கிட்ட சொல்றியா? ஒரு கொரலு குட்தா நாலு பேரு வரமாட்டான்? ஒரு ஊரே கெடயாதா அங்க?"

மெய்யாலுமே அண்ணா என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். தள்ளினால் கிளம்பாத வண்டியும், கூப்பிட்டால் ஆள் வராத தெருவும் அவர் கணக்கில் உலகத்திலேயே கிடையாது. அவரைக் குறை சொல்ல முடியாது. இங்கே வருவதற்கு முன் யாராவது என்னிடம் சொல்லியிருந்தாலும் நான் அதைப் புளுகு என்றுதான் சொல்லியிருப்பேன்.

அடுத்த நாள் நைனா போய்விட்டார். கடைசிவரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று பிறகு சொன்னார்கள். ஐஸ் கம்பெனியில் அவரோடு வேலை பார்த்தவர்கள் கட்டி கட்டியாக ஐஸ் கொண்டுவந்து கட்டிலுக்குக் கீழேயும் பக்கத்திலும் அடுக்கியிருக்கிறார்கள். எனக்காகத்தான்.

நான் போன் செய்தபோது அண்ணன் குரல் கட்டிப்போயிருந்தது. "ஐஸ்ல வெச்சிகீறோம். எத்தினி நாளு வெச்சிக்கினு இருக்கறது? நீ ஒண்ணியும் வர வேணாம். பேட்டரிய பாத்துக்கினு அங்கியே கெட." டக்கென்று வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை டிக்கெட் என் பையில் இருந்தது. ஏறினால் சனிக்கிழமை காலை ராயபுரம் போயிருக்கலாம். நான் அதை ரத்து செய்தேன். அண்ணனே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார், இனி போய் என்ன ஆகப் போகிறது என்று ஜெசியிடம் சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள். "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு, கட்டிய பெட்டியைப் பிரிக்க ஆரம்பித்தாள். நான் வருகிற செய்தி எதுவும் போகாததால், வெள்ளிக்கிழமை மாலை நைனாவை அடக்கம் செய்துவிட்டார்கள்.

6

மூன்று வருடம் கழித்து, நைனாவின் ஆண்டு நினைவுப் பூசைக்கு நான் மட்டும் ஊருக்கு வந்தேன். அதுவரை அண்ணன் என்னிடம் பேசவில்லை. போனில் அண்ணிதான் பேசுவார்.

இந்த முறை சாட்சியோடு போவது என்று ஒரு புது ஜம்ப் ஸ்டார்ட்டரை வாங்கிப் பெட்டியில் வைத்திருந்தேன். இதோ பாருங்கள், இது மாதிரி ஒன்றுதான் அன்று உறைந்துபோனது, உங்கள் வேனுக்கும் ஆகும் என்று அவர் கையில் கொடுக்க நினைத்தேன். விமான நிலையத்தில் எடுத்து மேஜையில் வைத்துவிட்டார்கள். உள்ளே ஆசிட் இருக்கிறது, ஏற்ற முடியாது. இது எதற்கு, யார் கொடுத்தது, எங்கே கொண்டுபோகிறாய் என்று இரண்டு அதிகாரிகள் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். என் அண்ணன் நம்புவதற்காக என்று சொன்னேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அதை எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

பூசை முடிந்து கல்லறைக்குப் போனோம். சிமெண்டுச் சிலுவையில் நைனா பேர். அண்ணன் மாலையைப் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றார். அவர் தலை முழுக்க நரைத்திருந்தது. நான் பக்கத்தில் போய் விமான நிலையத்தில் நடந்ததைச் சொன்னேன்.

"சாட்சியும் வர்லியா?" என்றார். மூன்று வருடத்தில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"மெய்யாலுமே பேட்டரிதாண்ணா."

"சரி, பேட்டரிதான். நம்பறேன்னே வெச்சிக்க." கல்லறை மேல் ஒட்டியிருந்த மெழுகை நகத்தால் சுரண்டிக்கொண்டே பேசினார். "நான் வராதன்னு சொன்னா வராம இருந்துடுவியா? எம்மா நாளுடா நாம அண்ணந்தம்பி? கோவத்துல ஒரு வார்த்த சொன்னா, அடிச்சிப் புடிச்சி ஓடியாறதில்ல? வெள்ளிக்கெயம சாய்ந்தரம் வரிக்கும் ஐஸ் மாத்திக்கினே இருந்தேன். கம்பெனிக்காரனுங்க, 'பையன் வந்துகினு கீறானா'ன்னு கேட்டானுங்க. வந்துகினு கீறான்னேன்."

 எங்கள் தெருவில் வராதே என்று ஒருவன் கத்தினால், ஓடி வா என்று கதறுகிறான் என்று அர்த்தம். அது பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். போனைக் காதில் வைத்திருந்த அந்த நிமிடமே தெரியும். வேலையில் லீவு கேட்க வேண்டும், இருபது மணி நேரம் பறக்க வேண்டும், போய் அத்தனை பேர் முகத்தையும் பார்க்க வேண்டும். அதற்குப் பயந்துதான் அவர் சொன்னதை வின்னிபெக்காரர்கள் மாதிரி வார்த்தைக்கு வார்த்தை எடுத்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை பேட்டரி செத்தது உண்மை. வியாழக்கிழமை என் கார் நன்றாகத்தான் ஓடியது.

நான் வின்னிபெக் திரும்புகிற அன்று காலை அண்ணனின் வேன் வழக்கம்போல் கிளம்பாமல் படுத்துவிட்டது. குரல் கொடுத்தார், ஆறேழு பேர் வந்தார்கள். நானும் போய்ப் பின்னால் கை வைத்தேன். தள்ளிக்கொண்டே ஓடினோம், வேன் குலுக்கிக் கிளம்பியது. ஜன்னலில் அவர் கை நீண்டு ஒருமுறை ஆடியது. பின்னால் நின்ற எல்லோருக்குமான கை அது. எனக்கும் சேர்த்துத்தானா என்று கேட்டு எழுதத் தைரியம் வரவில்லை.

7

ஷெரினுக்கு இப்போது பத்தொன்பது வயது. இரண்டு மணி நேர தூரத்தில் இருக்கும் ஒரு ஊரில் தங்கிப் படிக்கிறாள். நாங்கள் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வாள். சின்ன வயதில் தாத்தா என்று போனில் கூப்பிட்டவள்தான். இப்போது தாத்தா பேரைக் கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்கிறாள்.

அவளிடம் ஒரு பழைய கார் இருக்கிறது. அக்டோபர் மாதம் நானே போய் அதற்குப் புது பேட்டரி போட்டுக்கொடுத்தேன். ஜம்ப் ஸ்டார்ட்டரைக் கையில் கொடுத்து, வண்டியில் வைக்காதே, ரூமுக்குள் வை, மாதம் ஒருமுறை சார்ஜ் போடு என்று மூன்று தடவை சொன்னேன். நாலாவது தடவை சொல்லும்போது, "அப்பா, ப்ளீஸ்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். போதாதென்று உதவிக்கு வருகிறவர்களின் போன் நம்பரை எழுதி அவள் ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டு வந்தேன்.

ஒவ்வொரு வருடமும் இந்த நாளில் வீட்டில் ஜெபமாலை சொல்வோம். பிறகு மூன்று பேரும் உட்கார்ந்து மீன் குழம்பு சாப்பிடுவோம். இந்த வருடம் வருவாயா என்று போன வாரம் கேட்டேன். "வரேன்ப்பா, ப்ராமிஸ்" என்றாள், தமிழிலேயே. ஜெசி நேற்றே போய் வஞ்சிரம் மாதிரி இருக்கிற ஏதோ ஒரு மீனை வாங்கி வந்து சுத்தம் செய்து வைத்தாள்.

இன்று மத்தியானம் மூன்று மணிக்குப் போன் வந்தது.

"அப்பா, சாரி. என் கார் ஸ்டார்ட் ஆகல. பேட்டரி டெட் போல."

பெட்டி எங்கே என்று கேட்க வாயெடுத்தேன். அப்போது அவள் குரலுக்குப் பின்னால் ஹீட்டர் காற்று ஓடும் சத்தம் கேட்டது. அதற்கும் பின்னால், டிக்... டிக்... டிக் என்று நிதானமாக இண்டிகேட்டர் சத்தம். அவள் எங்கேயோ திரும்புவதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள். கூட ஒரு பெண் மெதுவாகச் சிரித்ததும் கேட்டது.

கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய்.  சரி, நீ வர வேண்டாம், உன் ஃப்ரெண்ட்ஸோடேயே இரு என்று சொல்ல வார்த்தை வாய் வரைக்கும் வந்துவிட்டது. நானும் அந்தோணியின் தம்பிதானே. ஆனால் இவள் இங்கே வளர்ந்த பிள்ளை. வராதே என்று சொன்னால், சரிப்பா என்று நிம்மதியாகப் போனை வைத்துவிடுவாள்.

"நம்பறேன்மா" என்றேன். "பேட்டரிதானே, யாருக்கும் ஆகும். ஆனா நீ வா. எவ்ளோ லேட்டானாலும் பரவால்ல. எனக்கு இன்னைக்கு நீ பக்கத்துல வேணும்."

ராயபுரத்தில் இப்படி வாய்விட்டு யாரும் கேட்க மாட்டார்கள். எனக்கே என் குரல் வேறு யாருடையது போலவோ இருந்தது. அந்தப் பக்கம் இண்டிகேட்டர் நின்றுவிட்டது. 

"ட்ரை பண்றேன்ப்பா" என்றாள்.

அதிலிருந்து இந்த மேஜையில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஜன்னல் வழியாகத் தெரு தெரிகிறது. ஜெசி ஜெபமாலையை எடுத்துக்கொண்டு இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனாள். இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். மணி ஏழு ஆகப் போகிறது. சாலையில் பனி இல்லை. அவள் வண்டியில் எந்தப் பழுதும் இல்லை.